சொல்ல வேண்டியதும் தியோடர் சொன்னதும்

ஜீவனஹள்ளியில் யார் வீட்டை விற்கிறார்கள், எதற்காக விற்கிறார்கள், எவ்வளவு அவசரம் என்று தெரிய வேண்டுமானால் தியோடருக்கு ஒரு டீ வாங்கித் தந்தால் போதும். கூட ஒரு பன்னும் சேர்ந்தால், விற்பவருக்கும் அவர் மருமகளுக்கும் பேச்சு நின்று எத்தனை மாதம் ஆகிறது என்பதும் தெரிந்துவிடும். ஆனால் அந்த வீட்டின் கூரை ஒழுகுமா, போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. முகம் வாடிவிடும். ஒரு நல்ல மனிதரைப் பார்த்து இப்படியெல்லாம் கேட்கிறார்களே என்கிற வருத்தம்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. வீட்டுத் தரகர் என்று சொன்னால் கோபம் வரும். ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட் என்று சொல்ல வேண்டும். ரயில்வே கூட்ஸ் ஷெட் வேலைக்காக அப்பா குடியாத்தத்திலிருந்து வந்தவர். தியோடர் பிறந்தது, படித்தது, பெட்டி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் காக்ஸ் டவுன் மார்க்கெட்டைச் சுற்றி ஒரு மைலுக்குள் நடந்து முடிந்துவிட்டது. ஒரு பேனா கம்பெனியில் பதினாலு வருஷம் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தார். கம்பெனியை மூடப் போகிறார்கள் என்ற செய்தி மேனேஜர் வாயிலிருந்து முதலில் அவருக்குத்தான் வந்தது. பொறுப்பு உணர்ந்தவர் என்பதால் இரண்டே பேரிடம், அதுவும் ரகசியமாகத்தான் சொன்னார். மறுநாள் காலை நூற்றிருபது பேர் கேட்டில் நின்று கோஷம் போட்டார்கள்.

அதன் பிறகு மாமா வீட்டு மாடிக்கு ஒரு குடித்தனக்காரரைப் பிடித்துத் தந்தார். அந்த ருசியில் தொழில் தொடர்ந்தது. விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் 'ரகசியம் காக்கப்படும்' என்று அச்சடித்துக்கொண்டார். அதை அவர் மனதார நம்பினார். காக்கவும் செய்தார். சுவரில் ஈரம் ஏறுவது ரகசியம். மேல்மாடிக்கு அனுமதி வாங்காதது ரகசியம். மாடிப்படி தன்னுடையது என்று பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போயிருப்பது பரம ரகசியம். யாராவது பின்னால் வந்து சண்டை போட்டால், "நீங்க கேக்கலையே சார்" என்பார். கேட்டேனே என்று சொன்னால், "நான் என்ன இஞ்சினியரா?" என்பார். இருபது வருஷம் இந்த இரண்டு வாக்கியத்திலேயே குடும்பம் நடந்தது.

போன வருஷம் மார்ச் மாதம் ராஜலக்ஷ்மி மிஸ் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கான்வென்ட் ஒன்றில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து காலமானவர். தெருக்கோடியில், கொஞ்சம் பள்ளமான இடத்தில், அவர்களுடைய சின்ன வீடு. ஏரியாவில் பாதிப் பேர் அவரிடம் பெருக்கல் கற்றவர்கள், மீதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். எல்லோருக்கும் அவர் மிஸ்தான்.

காபி கொடுத்துவிட்டு மிஸ் நேராக விஷயத்துக்கு வந்தார். "தியோடர், வீட்டை விக்கணும். ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணை வாங்கறவாகிட்ட கட்டாயம் சொல்லணும், இன்னொண்ணை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. குழப்பிக்காதீங்கோ."

"சொல்லுங்க மிஸ்."

"பெரிய மழை பேஞ்சா தெருமுனை மேன்ஹோல் ரொம்பி, சாக்கடைத் தண்ணி நம்ம பின்பக்க பாத்ரூம் வழியா உள்ள வரும். வருஷத்துக்கு மூணு நாலு தடவை. ஒரு ஜாண் உயரம் நிக்கும். இதை முதல்லயே சொல்லிடணும்."

"அதெல்லாம் எதுக்கு மிஸ்? மழை எல்லார் வீட்டுலயும்தான் பெய்யுது."

"மழை பெய்யும். எல்லார் வீட்டு பாத்ரூம்லயும் தெருச் சாக்கடை வராது. சொல்லிடுங்கோ." மிஸ் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. மைசூர்ல ப்ரஹ்லாத் தனியா இருக்கான். அவன் ஆத்துக்காரி விட்டுட்டுப் போயிட்டா. வேலையை விட்டுட்டான், மனசுக்கு மருந்து சாப்பிடறான். ஜூனுக்குள்ள நான் அங்க போயாகணும். ஒண்ணரை கோடி கேக்கறேன். ஒண்ணு முப்பது வரைக்கும் இறங்கலாம். ஆனா அது நமக்குள்ளதான். என் பிள்ளை விஷயமும்."

தியோடர் நெஞ்சில் கை வைத்தார். "செத்தாலும் வெளிய வராது மிஸ்."

அவர் சாகவில்லை. ஆகையால் அன்று சாயங்காலமே வெளியே வந்துவிட்டது. பேக்கரிக்காரரிடம் சொன்னபோது தியோடரின் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அதில் நடிப்பு இல்லை. அடுத்தவர் துக்கத்தைத் தனியாகச் சுமக்கும் அளவுக்குக் கல் நெஞ்சம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தும் கேரல் என்ற பெண்ணிடம், "ஒரு அம்மாவுக்காக ஜெபம் பண்ணுங்க. பேர் சொல்லக் கூடாது. நம்ம ராஜலக்ஷ்மி மிஸ்" என்றார். பெட்டியிடம் சொன்னதைக் கணக்கில் சேர்க்க முடியாது. மனைவியிடம் சொல்வது சொல்வதாகுமா?

ஏப்ரலில் ஆள் கிடைத்தது. சுஹாஸ், நிருபமா என்று இளம் தம்பதி. வைட்ஃபீல்டில் பதினாலாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். டேங்கர் தண்ணீரும், அசோசியேஷன்காரர்கள் வாட்ஸ்அப்பில் போடும் சட்டதிட்டங்களும் சலித்துப்போய், தரையில் கால் பதித்து வாழ ஆசைப்பட்டார்கள். மிஸ் மைசூருக்குப் போயிருந்த சனிக்கிழமை, சாவி தியோடரிடம் இருந்தது. வெயில் கொளுத்தியது. வீடு எலும்பு மாதிரி காய்ந்து, பார்க்க அழகாக இருந்தது.

நிருபமா பின்பக்க பாத்ரூம் கதவைத் திறந்தாள். சுவரில் ஒரு ஜாண் உயரத்தில் பழுப்புக் கோடு ஒன்று சுற்றிலும் ஓடியது.

"அங்கிள், இது என்ன மார்க்?"

"அதுவா? அந்தக் காலத்துல அப்படித்தாம்மா பெயின்ட் அடிப்பாங்க. கீழ ஒரு ஷேடு, மேல ஒரு ஷேடு."

இவ்வளவு திறமையாகக் காத்த வாய், கார் கதவு வரை போவதற்குள் தளர்ந்துவிட்டது. சுஹாஸ் விலையைப் பற்றி யோசனையோடு நின்றான். அவனுக்கு உதவி செய்யாமல் தியோடரால் இருக்க முடியவில்லை.

"பாவம் தம்பி அந்தம்மா. பையனுக்கு டைவர்ஸ். கொஞ்சம் மைண்டு சரியில்ல. ஜூனுக்குள்ள மைசூர் போயாகணும். ஒண்ணு முப்பதுக்கு ஒத்துக்குவாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அதைச் சுஹாஸ் போனில் குறித்துக்கொண்டான். படித்த பிள்ளை.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு மிஸ் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கமிஷன் இரண்டு பக்கமும் பேசியாகிவிட்டது. ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் தெரியாது. தியோடர் மிகுந்த திருப்தியோடு பிஸ்கட்டை காபியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

சுஹாஸ் பேச ஆரம்பித்தான். "ஆன்ட்டி, உங்க சிச்சுவேஷன் எங்களுக்குப் புரியுது. ஒன் ட்வென்ட்டின்னா நாளைக்கே டோக்கன் அட்வான்ஸ் தந்துடறோம். உங்களுக்கும் ஜூனுக்குள்ள முடிஞ்சுடும்."

மிஸ் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "என் சிச்சுவேஷன் என்ன?"

சுஹாஸ் மனைவியைப் பார்த்தான். நிருபமா தரையைப் பார்த்தாள். "இல்ல ஆன்ட்டி... உங்க சன்னுக்கு ஹெல்த்து சரியில்லன்னு..."

பிஸ்கட் ஒடிந்து காபிக்குள் விழுந்தது. மிஸ் தியோடர் பக்கம் திரும்பவே இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிருபமாவிடம் நிதானமாகக் கேட்டார்: "பின்னாடி பாத்ரூம் விஷயம் சொன்னாரோ?"

"பழைய ஸ்டைல் பெயின்ட்டுன்னு சொன்னாரு ஆன்ட்டி."

மிஸ் எழுந்து, மேஜையிலிருந்த அடி ஸ்கேலை எடுத்துக்கொண்டு இருவரையும் பின்னால் அழைத்துப் போனார். எந்தெந்த மாதம் வரும், எவ்வளவு உயரம் நிற்கும், வடிய எத்தனை மணி நேரம் ஆகும், கழுவிவிட எவ்வளவு பினாயில் தேவைப்படும் என்று பத்து நிமிஷத்தில் பாடம் முடிந்தது. தம்பதி மரியாதையாக, யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். அவர்கள் காரில் ஏறிய வேகத்தைப் பார்த்தால் யோசனை முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

"நல்லதுக்குத்தான் மிஸ் சொன்னேன்" என்றார் தியோடர். "சீக்கிரம் முடியட்டும்னு."

"சொல்லுங்கோன்னதைச் சொல்லலை. சொல்லாதீங்கோன்னதைச் சொல்லிட்டேள்." மிஸ்ஸின் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "கேள்வியே புரியாம கண்ணை மூடிண்டு பதில் எழுதற பசங்ககூட ரெண்டுல ஒண்ணு சரியா எழுதுவா, தியோடர். சாவியைக் குடுங்கோ."

தியோடருக்கு மனசு புண்பட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து பெட்டியிடம் முறையிட்டார். உதவி செய்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டார். பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட்டாக இருக்கும் பெட்டி, நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பழகியவள். "சாப்பிட வாங்க" என்றாள்.

மிஸ் சும்மா இருக்கவில்லை. வட்டாரத் தரகர் சங்கத்துக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினார். பாயின்ட் பாயின்ட்டாக, அடிக்கோடு போட்டு. சங்கத் தலைவர் கிருஷ்ணப்பா, மெத்தைக் கடைக்கு மேலே இருந்த தன் ஆபீசுக்குத் தியோடரை வரச் சொன்னார்.

"நோடு தியோடர், லெட்டர் வந்திருக்கு. நானு பெருசு பண்ண மாட்டேன். இது நமக்குள்ளயே இருக்கட்டும், ஆய்த்தா?"

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணா. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

"என்கிட்ட வந்தா அவ்ளோதான், முகீத்து. முடிஞ்சுது."

தியோடர் நிம்மதியாகப் படி இறங்கி ஸ்கூட்டரை உதைத்தார். கீழே மெத்தைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "என்னண்ணா, டீச்சரம்மா கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டாங்களாமே?" என்றார். பேக்கரியில் டீ வந்தது, ஆனால் பேக்கரிக்காரர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கத் தயாராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கேரல் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், கவலைப்படாதீங்க. குழுவில உங்களுக்காக ஜெபம் பண்ணோம். பேர் சொல்லல."

தண்டனை என்று ஒன்றும் இல்லை. ஒரு வகுப்பு மட்டும். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஹாலில் நாற்பது தரகர்கள் உட்கார வைக்கப்பட்டார்கள். பாடம் நடத்த வந்தவர் சீனிவாசராகவன் என்ற வக்கீல். ஜன்னலுக்கு வெளியே கறிக்கடைக்காரரும் துணிக்கடைக்காரரும் போட்ட கூச்சலுக்கு நடுவே, அவர் விடாமல் பேசினார்.

"வீட்டைப் பத்தித் தெரிஞ்ச குறை எதுவா இருந்தாலும் வாங்கறவருக்குச் சொல்லிடணும். கேட்டாத்தான் சொல்றதுன்னு கிடையாது. கேஸ் இருந்தா சொல்லணும். நீங்க யாருக்காக வேலை பண்றீங்கன்னு சொல்லணும். ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கினா, ரெண்டு பக்கமும் அதைச் சொல்லியாகணும்."

இந்த இடத்தில் ஹாலில் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

"ஆனா, உங்களை நம்பி ஒருத்தர் சொன்ன சொந்த விஷயம், எவ்வளவு இறங்குவார்ங்கிறது, எதுக்கு அவசரம்ங்கிறது இதெல்லாம் அவரோட சொத்து. அதை விக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஒரு உதாரணம் சொல்றேன். பேர் வேண்டாம். ஜீ-ன்னு ஒரு ஏரியா. டி-ன்னு ஒரு ஏஜென்ட்."

முப்பத்தொன்பது தலைகள் திரும்பின.

வக்கீல் முழுக் கதையையும் சொன்னார். பெயின்ட் விவகாரம் வந்தபோது சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. தியோடர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காது எரிந்தது. அந்த ஹாலில் அவருக்கு அறிமுகமே இல்லாதவர்கள்கூட இனி அவரை எங்கே பார்த்தாலும் இதைத்தான் நினைப்பார்கள். அப்போதுதான் ப்ரஹ்லாத்தின் ஞாபகம் வந்தது. அவனை வளர்ந்த பிறகு தியோடர் பார்த்ததே இல்லை. மைசூரில் எங்கோ ஒரு அறையில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கும் பையன். அவன் எதற்கு மாத்திரை போடுகிறான் என்பது ஜீவனஹள்ளி பேக்கரிக்காரருக்குத் தெரியும். அது தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. டீ இடைவேளையில் கொடுத்த சமோசாவை அவர் தொடவில்லை. அவரை அறிந்தவர்கள் இதைப் பெரிய மாற்றமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மன்னிப்புக் கேட்க இரண்டு நாள் கழித்து மிஸ் வீட்டுக்குப் போனார். கேட் வரைதான் தைரியம் இருந்தது. கேட்டில் ஒரு பலகை தொங்கியது. வெள்ளை எழுத்து, கரும்பலகையில் எழுதிப் பழகிய கை.

'வீடு விற்பனைக்கு. பெருமழையில் தெருச் சாக்கடை பின்பக்கக் குளியலறைக்குள் வரும் (வருஷத்துக்கு மூன்று அல்லது நான்கு முறை, ஒரு ஜாண்). விற்கும் காரணம் எங்கள் சொந்த விஷயம். தரகர்கள் வர வேண்டாம்.'

போகிற வருகிற பிள்ளைகள் பலகையைப் போட்டோ எடுத்தார்கள். இப்படி எழுதி வைத்தால் எந்தப் பைத்தியம் வாங்கும் என்று தியோடர் தொழில்முறையில் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு லக்கேஜ் ஆட்டோ வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் இறங்கினார். சிவாஜிநகரில் குழாய், வால்வு, கக்கூஸ் கோப்பை விற்கும் கடை வைத்திருக்கும் எல்லம்மா. பலகையை வாய்விட்டுப் படித்தார். சிரித்தார்.

"யோவ், நீதான ப்ரோக்கர்? இந்த வூட்டுல நெஜமாவே இவ்ளோதான் கொறையா?"

தியோடருக்குப் பழைய வாக்கியங்கள் இரண்டும் நாக்கில் வந்து நின்றன. அவற்றை விழுங்கினார். "தண்ணி வர்றது நெஜம்தாம்மா. மாடிப்படிக்கு அடியில ஒரு வெடிப்பும் இருக்குது. அது போர்டுல இல்ல. நான் இந்த வீட்டுக்கு ப்ரோக்கரும் இல்ல, எனக்கு இதுல எதுவும் வராது."

"தண்ணி எனக்கு மேட்டரே இல்ல. ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுனா உள்ள இருக்கறது வெளிய போவும், வெளிய இருக்கறது உள்ள வராது. நம்ம கடைலயே கெடக்குது." எல்லம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஏன் விக்கிறாங்களாம்? அவசரமா?"

இதுதான் சோதனை. டீயும் இல்லை, பன்னும் இல்லை. இருந்தாலும் உள்ளே இருப்பது தானாகவே கிளம்பி மேலே வந்தது. மைசூர், மருந்து, ஜூன், ஒன்று முப்பது எல்லாம் பல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. தியோடர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அது... அவங்களைத்தாம்மா கேக்கணும்."

நெற்றியில் வியர்த்துவிட்டது. எல்லம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

வீடு ஒன்று முப்பத்தெட்டுக்கு முடிந்தது. எல்லம்மாவுக்கு அவசரம் தெரியாததால் அவர் விலையை ஒரேயடியாகக் கீழே இழுக்கவில்லை. சாக்கடை வரும் வீடு என்று தானே எழுதி வைத்திருந்ததால் மிஸ்ஸும் அதற்கு மேல் கேட்டுப் பிடிவாதம் பிடிக்கவில்லை. மே கடைசியில் சாமான் ஏற்றும் அன்று தியோடர் யாரும் கூப்பிடாமலே போய், இரண்டு டிரங்குப் பெட்டிகளுக்குக் கை கொடுத்தார். வண்டி பக்கத்தில், மெலிந்த, தாடி வைத்த ஓர் ஆள் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. கேட்க நூறு கேள்விகள் இருந்தன.

"இந்தப் பக்கம் முடிச்சு நல்லா இறுகிச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"ஆச்சு சார்" என்றான் ப்ரஹ்லாத்.

மிஸ் படியிறங்கி வரும்போது ஒரு நொடி நின்றார். "மாடிப்படிக்கு அடியில வெடிப்பு இருக்கறது எனக்கே மறந்துபோச்சு. எல்லம்மா சொன்னா." அவ்வளவுதான். அது பாராட்டா, குற்றச்சாட்டா என்று தியோடர் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் தொழில் அமோகமாக நடந்தது என்றும் எழுத வேண்டியிருக்கும். அப்படி நடக்கவில்லை. இப்போதெல்லாம் வீட்டைக் காட்டும்போதே ஒழுகும் மூலை, கத்தா என்கிற சொத்துப் பதிவில் உள்ள பெயர்க் குழப்பம், பக்கத்து வீட்டு நாய் வரை சொல்லிவிடுகிறார். கேட்பவர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். தரகரே இவ்வளவு சொல்கிறார் என்றால் சொல்லாமல் விட்டது எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று பயந்து ஓடிவிடுகிறார்கள். மாதத்துக்கு ஒருவர், அபூர்வமாக, அதற்காகவே அவரைத் தேடி வருகிறார். இரண்டு பக்கக் கமிஷனை இரண்டு பக்கமும் சொல்லிப் பார்த்தார். இப்போது ஒரு பக்கம்தான் வருகிறது.

உண்மையான கஷ்டம் வீட்டில்தான். போன வாரம், மூன்றாவது கிராஸில் இருக்கும் பாகீரதியம்மா வீடு விற்பனைக்கு அவரிடம் வந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே பெட்டி கேட்டாள்.

"ஏங்க, அவங்க எதுக்கு விக்கிறாங்களாம்?"

"அது சொல்லக் கூடாது."

பெட்டி முதலில் சிரித்தாள். பிறகு அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். "என்கிட்டயுமா?"

"யார்கிட்டயும்தான்."

இருபத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் புருஷன் தன்னிடம் எதையும் மறைத்ததில்லை என்பது பெட்டியின் பெருமை. மறைக்கத் தெரியாது என்பதுதான் காரணம் என்றாலும் பெருமை பெருமைதானே. மறுநாள் கேரலைப் போய்ப் பார்த்துவிட்டு, மதியம் வெற்றிகரமாகத் திரும்பி வந்து ரசத்தைப் பரிமாறினாள்.

"அவங்க பையன் கனடாவுல வீடு வாங்கறானாம். அதுக்குத்தான் விக்கிறாங்களாம். ஊருக்கே தெரியுது. இதுக்குப் போயி எவ்ளோ பில்டப்பு உங்களுக்கு!"

அது தப்பு. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தப்பு. பையன் கனடாவில் இல்லவே இல்லை; காரணமும் அது இல்லை. சரியான தகவல் ஜீவனஹள்ளியில் தியோடர் ஒருவரிடம்தான் இருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெட்டி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தியோடர் ஒரு பெரிய கவளம் ரசச் சோற்றை வாயில் திணித்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக மெல்ல ஆரம்பித்தார்.